பொன் நிறுத்த விலங்குகள்

நுழையும்முன்

பழம்பொருள் சேகரிப்போர் விரும்பித் தேடுவனவற்றுள் உலோகத்தாலான சிறு விலங்குருவங்களும் அடங்கும். அவற்றுள் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் வார்த்த பித்தளை உருவங்கள் தனித்தன்மை வாய்ந்தவை. அவை விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. வழிபாட்டுப் படிமங்களும் அல்ல. பொன்னை நிறுப்பதற்கான எடைக்கற்கள். தராசுத் தட்டிலிருந்து அருங்காட்சியகப் பேழைக்கு அவை வந்து சேர்ந்த வழியில் எவை காக்கப்பட்டன, எவை தொலைந்தன என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

வாயில் மீனைக் கவ்விய முதலை, தலையைப் பின்னோக்கித் திருப்பிய பறவை, முட்களைச் சிலிர்த்து நிற்கும் முள்ளம்பன்றி, வாலைச் சுருட்டிய பச்சோந்தி, கொடுக்கை உயர்த்திய தேள் எனப் பல உருவங்கள். ஒவ்வொன்றும் விரல்நுனி அளவினது. ஐந்தாறை ஒன்றாக எடுத்தாலும் உள்ளங்கை நிறையாது. இலண்டன் முதலிய ஐரோப்பிய நகரங்களின் அருங்காட்சியகங்களிலும், உலகெங்குமுள்ள தனியார் தொகுப்புகளிலும் இவை வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பார்ப்பவரை முதலில் கவர்வது அவற்றின் அழகே. ஆனால், இவற்றைச் செய்தவர்க்கும் பயன்படுத்தியவர்க்கும் அழகு முதன்மையானதன்று. இரும்பால் ஆனதையும் பித்தளையால் ஆனதையும் தமிழர் 'எடைக்கல்' என்றே வழங்குவர். அவ்வாறே அக்கான் மக்களுக்கும் முதலையானாலும் தேளானாலும் அஃது ஓர் எடைக்கல்லே.

பொன்துகளே பணம்

இன்றைய கானா நாட்டின் தென்பகுதியிலும் ஐவரி கோஸ்ட்டின் தென்கிழக்கிலும் வாழும் அசாந்தி, ஃபாந்தி, பாவுலே முதலிய பல பிரிவினரை உள்ளடக்கியது அக்கான் இனம். அவர்களுடைய நிலத்தில் ஆற்று மணலிலும் மண்ணடியிலும் பொன் கிடைத்தது. அப்பொன் சகாராப் பாலைவனத்தைக் கடந்து வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. 1471இல் போர்த்துகீசியர் கடல்வழியாக அக்கரையை அடைந்தனர். 1482இல் எல்மினாவில் கோட்டை கட்டினர். பின்வந்த ஐரோப்பியர் அப்பகுதிக்குப் 'பொற்கரை' என்னும் பொருள்படப் பெயரிட்டதிலிருந்தே அவர்கள் எதை நாடி வந்தனர் என்பது விளங்கும்.

அக்கான் மக்களிடம் முத்திரையிட்ட நாணயம் இல்லை. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பொன்துகளே அவர்களுடைய பணமாக இருந்தது. கிழங்கு வாங்கினாலும் துணி வாங்கினாலும் தண்டம் செலுத்தினாலும் அதனை நிறுத்தே கொடுக்க வேண்டும். ஆதலால் வணிகர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக்கருவித் தொகுதி ஒன்றை வைத்திருந்தனர். நூலில் தொங்கும் இரு தட்டுகளையுடைய சிறு தராசு, துகளை அள்ளும் பித்தளைக் கரண்டி, தூசியைப் பிரிக்கும் தட்டு, துகளை வைக்கும் மூடியிட்ட சிமிழ்கள், சிந்திய துகளைத் திரட்டும் இறகு, இவற்றோடு பல அளவிலான எடைக்கற்கள் ஆகிய எல்லாம் ஒரே துணியில் பொதியப்பட்டிருக்கும். விற்பவர் தம் கற்களால் நிறுப்பார். வாங்குபவரும் தம் கற்களால் நிறுத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவந்த பின்னரே பொருள் கைமாறும். ஒருவரை ஒருவர் ஐயுறுவது அங்கே இழுக்கன்று. வணிக ஒழுக்கத்தின் ஒரு பகுதி.

மிகச் சிறிய அளவுகளை நிறுக்க விதைகள் பயன்பட்டன. அவற்றுள் ஒன்று தமிழர்க்கு நன்கு தெரிந்தது: செம்மையும் கருமையும் கலந்த குன்றிமணி. கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த இரு மக்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே பொன்னின் சிற்றளவுக்கு ஒரே விதையைத் தேர்ந்துள்ளனர். குன்றிமணிகள் அளவிலும் எடையிலும் பெரும்பாலும் ஒத்திருப்பதும், எளிதில் கெடாமையும், எங்கும் கிடைப்பதும் இதற்குக் காரணங்களாகலாம்.

தெரிந்து தெளிவோம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் பொன்னின் நிறை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அளவுகளால் குறிக்கப்பட்டுள்ளது. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் பொன் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல்லை 'ஆடவல்லான்' என்று பெயரிட்டுக் கூறுகின்றன.

எடைக்கல் யாருடையது என்பதும் அக்கான் நாட்டில் பொருளுடைய வினாவே. 1817இல் ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் அசாந்தியின் தலைநகரான குமாசிக்குச் சென்ற தாமஸ் எட்வர்டு பவ்டிச், அரசருடைய எடைக்கற்கள் நாட்டில் வழங்கியவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு கனமானவை என்று எழுதினார். அரசர்க்குச் செலுத்துவோர் அதே பெயருடைய அளவுக்குக் கூடுதல் பொன் தரவேண்டியிருந்தது. அவ்வேறுபாடே ஒருவகை வரி. இதனைச் செதுக்கிய முதலையின் கண்ணழகை நோக்கி அறிய இயலாது. தராசில் வைத்தே அறிய வேண்டும்.

மெழுகு உருகிய இடத்தில் பித்தளை

தொடக்ககாலக் கற்கள் பெரும்பாலும் சதுரம், வட்டம், படிக்கட்டு போன்ற வடிவங்களில் கோடுகளும் சுழிகளும் பொறிக்கப்பட்டவை. விலங்கு, பறவை, மனிதர், கருவிகள் ஆகிய உருவங்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெருகின. ஆயினும், செய்முறை இரண்டுக்கும் ஒன்றே. சுவாமிமலைச் சிற்பிகள் கையாளும் மெழுகு வார்ப்பு முறையின் இன்னொரு கிளை அது.

கைவினைஞர் தேன்மெழுகில் உருவத்தை வடிப்பார். மெழுகை மெல்லிய நூலாகத் திரித்து வாலையும் கொம்பையும் ஒட்டுவார். கரித்தூளும் களிமண்ணும் குழைத்த நுண்ணிய கலவையை அதன்மேல் பலமுறை பூசி உலர்த்துவார். பின்னர்ப் பருங்களிமண்ணால் மூடிச் சுடுவார். மெழுகு உருகி வெளியேற, உள்ளே வெற்றிடம் எஞ்சும். இதுவரை சுவாமிமலைக்கும் குமாசிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதன்பின் வேறுபாடு தோன்றுகிறது. சுவாமிமலையில் உலோகத்தைத் தனியே மூசையில் உருக்கி வார்ப்பச்சினுள் ஊற்றுவர். அசாந்தி கைவினைஞரோ பித்தளைத் துண்டுகள் இட்ட மூசையை வார்ப்பச்சின் வாயோடு சேர்த்துக் களிமண்ணால் பொதிந்து ஒரே உருண்டையாக்கிவிடுவர். மூசைப் பகுதி கீழிருக்குமாறு உலையில் வைத்துச் சுட்டு, உலோகம் உருகியதும் உருண்டையைத் தலைகீழாகத் திருப்புவர். உருகிய பித்தளை தானே வெற்றிடத்துள் பாயும். சிறு பொருள்களை வார்ப்பதற்கு இது சிக்கனமான முறை.

சிலபோது மெழுகும் தேவைப்படவில்லை. வண்டு, வெட்டுக்கிளி, நண்டின் கொடுக்கு, நிலக்கடலைக் காய் ஆகியவற்றின்மேல் நேரடியாகக் களிமண் பூசிச் சுட்டனர். உள்ளிருந்தது எரிந்து சாம்பலாகி, அவ்விடத்தில் பித்தளை நிறைந்தது. அவ்வண்டின் கால்மடிப்பும் சிறகுக்கோடும் அப்படியே உலோகத்தில் பதிந்துள்ளன. எப்போதோ ஒருநாள் பிடிபட்ட ஒரு தனி வண்டின் உருவம் அது. அதன் வார்ப்பச்சு உடைக்கப்பட்டதால் அதனைப் போல் இன்னொன்று இருக்க முடியாது.

மூலப்பொருளான பித்தளை அக்கான் நிலத்தில் விளைவதன்று. பாலைவன வணிகத்தாலும் ஐரோப்பியக் கப்பல்களாலும் வந்தது. பொன்னைக் கொடுத்துப் பித்தளைப் பாத்திரங்களை வாங்கி, அவற்றை உருக்கிப் பொன்னை நிறுக்கும் கற்களைச் செய்தனர் என்பது இவ்வரலாற்றின் சுவையான முடிச்சு.

வார்ப்பு முடிந்தவுடன் எடை சரியாக அமைந்துவிடாது. எடை மிகுந்தால் ஓரத்தை அராவினர். காலையோ வாலையோ வெட்டினர். குறைந்தால் குழிந்த இடத்தில் ஈயம் ஊற்றினர்; சிறு கம்பி வளையத்தைக் கோத்தனர். எனவே, ஒரு பித்தளை மானுக்குக் கொம்பில் பாதி இல்லையெனில் அது உடைந்த பொருள் என்று முடிவுகட்டக் கூடாது. அது திருத்தப்பட்ட எடையாக இருக்கக்கூடும். வயிற்றில் ஒட்டியுள்ள ஈயத்தை அழுக்கெனக் கருதிச் சுரண்டி எடுத்த சேகரிப்பாளர், ஒரு வணிகரின் கணக்கையே அழித்தவராகிறார்.

உருவமும் சொல்லும்

அக்கான் மொழி பழமொழிகளால் செழித்தது. அவையில் பேசுவோர் கருத்தை நேரே கூறாமல் பழமொழியால் உணர்த்துவதே நாகரிகம் எனக் கருதப்பட்டது. விலங்குருவங்கள் பலவும் அத்தகைய சொற்களை நினைவூட்டுவன. பின்னோக்கிய பறவை 'சங்கோஃபா' எனப்படும். மறந்துவிட்டதைத் திரும்பிச் சென்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது அதன் உட்பொருள். முள்ளம்பன்றி அசாந்தி அரசின் படைவலிமையைக் குறிக்கும். எத்தனை முட்கள் வீழ்ந்தாலும் புதியன முளைக்கும் என்பது குறிப்பு. மழை சிறுத்தையின் தோலை நனைக்குமே தவிர அதன் புள்ளிகளைக் கழுவாது என்பது சிறுத்தையைப் பற்றிய சொல். இரு தலையும் இரு வாலும் ஒரே வயிறும் கொண்ட முதலைகள், உணவு எவ்வாய்வழிச் சென்றாலும் ஒரே வயிற்றையே அடையும் என்பதை மறந்து சண்டையிடும் உறவினரைச் சுட்டுகின்றன.

வணிகத்தோடு நெருங்கிய கதை ஒன்று, இருவாய்ச்சிப் பறவையின் கழுத்தைக் கவ்விய விரியன் பாம்பின் உருவத்தில் அடங்கியுள்ளது. இருவாய்ச்சி விரியனிடம் கடன் பட்டது. தனக்குச் சிறகு உண்டு, பாம்போ தரையில் ஊர்வது என்னும் துணிவில் கடனைத் திருப்பித் தராமல் பறந்து திரிந்தது. பாம்பு துரத்தவில்லை, காத்திருந்தது. வறட்சி வந்தது. நீர்நிலைகள் வற்றி ஒன்றே ஒன்று எஞ்சியபோது, தாகத்தால் வாடிய இருவாய்ச்சி அங்கே வந்துதான் ஆகவேண்டியிருந்தது. விரியன் அந்நீரருகே கிடந்தது. கடனை நிறுக்கும் தராசின் தட்டில் இவ்வுருவம் அமர்ந்திருந்தபோது, எதிரே இருந்தவர்க்கு வேறு நினைவூட்டல் வேண்டியிருந்திராது.

ஆயினும், ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரே பொருள் என்று அகராதி வகுப்பது பிழையாகும். மீனைக் கவ்விய முதலையை நோக்குக. சேற்று மீனுக்குக் கிடைக்கும் நன்மை எதுவாயினும் இறுதியில் முதலைக்கே போய்ச் சேரும் என்பது அதனோடு இயைந்த பழமொழி. அதனைத் தலைவர் கூறினால் உரிமையாகும். எளியவர் கூறினால் முறையீடாகும். சொல்பவர் யார், கேட்பவர் யார், எந்தச் சூழல் என்பன தெரியாமல் உருவத்தை மட்டும் வைத்துப் பொருள்கொள்வது அரைகுறை அறிவே. மேலும், உருவத்துக்கும் எடைக்கும் நிலையான தொடர்பு இல்லை. முதலை இத்தனை, தேள் இத்தனை என்று அளவு வகுக்கப்படவில்லை. ஒரே உருவம் பல எடைகளிலும், ஒரே எடை பல உருவங்களிலும் கிடைக்கின்றன. தம் கற்களின் எடையை அவற்றின் உரிமையாளரே நன்கறிவார்.

பொதி பிரிந்த கதை

19ஆம் நூற்றாண்டு அசாந்தி அரசுக்குப் பேரிழப்புகளைத் தந்தது. 1874இல் வுல்ஸ்லி தலைமையிலான ஆங்கிலேயப் படை குமாசியைக் கொள்ளையிட்டு எரித்தது. 50,000 அவுன்சு பொன்னைத் தண்டமாகவும் கோரியது. அரண்மனைப் பொன்னணிகள் பல இலண்டனுக்குச் சென்றன. அவற்றுள் சில 150 ஆண்டுகளுக்குப் பின், 2024இல் குமாசியின் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்குக் கடனாக மட்டுமே வந்துள்ளன. பறித்த பொருளை உரியவர்க்கே கடனாகக் கொடுப்பது முறையா என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகிறது.

எடைக்கற்களின் கதை பெரும்பாலும் இத்தகைய ஆரவாரமின்றி நிகழ்ந்தது. குடியேற்ற ஆட்சி பொன்துகளைப் பணமாக ஏற்க மறுத்து, ஆங்கிலேய நாணயங்களைப் புகுத்தியது. ஒரு தலைமுறைக்குள் தராசுகள் ஓய்ந்தன. பொதிகள் முன்னோரின் உடைமைகளாக வீடுகளில் எஞ்சின. சில உருக்கப்பட்டு வேறு பொருளாயின. சில விற்பனைக்கு வந்தன. மானிடவியல் அறிஞர் ராட்ரே 1923இல் வெளியிட்ட நூலில் இக்கற்களின் ஒளிப்படங்களைக் கண்ட வெளிநாட்டினர்க்கு அவற்றின்மேல் ஆர்வம் பெருகியது. வாங்க வந்தோர் விரும்பியவை விலங்குகளும் மனித உருவங்களுமே. கோடுகள் பொறித்த சதுரக் கற்கள் விலைபோகவில்லை. கரண்டியும் இறகும் கிழிந்த துணியும் குப்பையாயின. வணிகர் பொதியைப் பிரித்து, முதலையை ஒருவர்க்கும் பறவையை இன்னொருவர்க்கும் விற்றனர்.

இழப்பு இங்கேதான் நேர்ந்தது. ஒரே பொதியில் இருந்த கற்கள் ஒன்றோடொன்று எந்த விகிதத்தில் அமைந்தன, மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது, அப்பொதி எவ்வூரைச் சேர்ந்தது, எக்குடும்பத்தில் யார் கையில் இருந்தது என்பன பொதியோடு பிறந்து பொதியோடு பிரிந்தன. நூறு அழகிய விலங்குகளைக் கொண்ட தொகுப்பைவிட, அழகற்ற சதுரங்களும் தேய்ந்த கரண்டியும் சேர்ந்த முழுமையான ஒரு பொதி ஆய்வாளர்க்கு மிகுதியாகப் பேசும். அதேவேளை, சேகரிப்போர் வாங்கியிராவிடில் அவ்விலங்குகளுள் பல உருக்குமூசைக்குச் சென்றிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

தராசில் மீண்டும்

பிரிந்து கிடந்தவற்றிலிருந்து இயன்ற அளவு அறிவை மீட்டவருள் திமோத்தி கேரார்டு குறிப்பிடத்தக்கவர். கானாவில் சட்டத்துறையில் பணியாற்றிய அவர், எளிய ஒரு வேலையைப் பெரிய அளவில் செய்தார்: ஆயிரக்கணக்கான எடைக்கற்களை நிறுத்துப் பார்த்துக் குறித்தார். அக்கான் எடைகள் மனம்போன போக்கில் அமைந்தவை அல்ல என்பதை 1980இல் வெளிவந்த அவரது நூல் நிறுவியது. பாலைவனம் கடந்துவந்த இசுலாமிய வணிகரின் ஏறத்தாழ நாலரை கிராம் எடையுள்ள மிஸ்கால், போர்த்துகீசியரின் அவுன்சு, பின்வந்த ஐரோப்பியரின் 31.1 கிராம் டிராய் அவுன்சு ஆகிய பல அளவுமுறைகளோடு அவை பொருந்தின. வடக்கே ஒட்டக வணிகரோடும் தெற்கே கப்பல் வணிகரோடும் ஒரே வேளையில் கணக்குத் தீர்க்க வல்லவராக அக்கான் வணிகர் இருந்தனர் என்பதற்கு அப்பித்தளைத் துண்டுகளே சான்று.

ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த அறிஞர் நியாங்கோரன்-புவா இன்னொரு திசையில் சென்றார். சதுரக் கற்களில் பொறித்த கோடுகளையும் சுழிகளையும் அணி வேலைப்பாடாக அன்றி, எண்ணும் எழுத்துமாகக் காண முயன்றார். அக்கருத்தை அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. எனினும், விலைபோகாத கற்களின்மேல் உலகின் பார்வையைத் திருப்பிய சிறப்பு அவருக்கு உண்டு.

பெயரிடும் உரிமையைச் சேகரிப்போர் எடுத்துக்கொள்வதால் வரும் திரிபுக்கு ஆசியாவிலும் சான்று உள்ளது. பர்மாவில் அன்னம், சிங்கம் ஆகிய வடிவங்களில் வார்க்கப்பட்ட எடைக்கற்கள் பல்வகைச் சரக்குகளையும் நிறுக்கப் பயன்பட்டவை. வெளிநாட்டுச் சந்தையிலோ அவற்றுக்கு 'அபினி எடைகள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மருட்சி தரும் பெயர் விலையை உயர்த்தும் போலும்.

தேவை பெருகியபோது போலிகளும் பெருகின. பழைய கற்கள் பல்லாண்டுகள் கைபட்டுத் தேய்ந்தவை. அவற்றின் முனைகள் மழுங்கியிருக்கும். மேட்டுப் பகுதிகள் வழவழப்பாகவும் பள்ளங்கள் கருமை படிந்தும் காணப்படும். புதியவற்றில் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். பழமை தோன்றுவதற்காக அவற்றைப் புதைத்து எடுப்பதும் காரநீரில் தோய்ப்பதும் உண்டு. பழைய கல்லைப் பளபளவென்று தேய்த்துத் துலக்கும் சேகரிப்பாளர், அறியாமலே மெய்யைப் போலியின் தோற்றத்துக்குக் கொண்டுவருகிறார். கண்ணால் துணிய இயலாதபோது தராசே துணைநிற்கும்: பழைய அளவுமுறை எதனோடும் பொருந்தாத, அளவுக்கு மீறிப் பெருத்த உருவம் ஐயத்துக்குரியது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கொள்ளவேண்டும். குமாசிக்கு அருகிலுள்ள குரோஃபொஃப்ரோம் என்னும் சிற்றூரில் இன்றும் தேன்மெழுகும் கரித்தூளும் களிமண்ணும் கொண்டு பித்தளை வார்க்கின்றனர். அவர்கள் செய்யும் முதலையைப் போலி என்று ஒதுக்குவது அறமன்று. புதியதைப் புதியதென்றே கூறி விற்பவர் எவரையும் ஏமாற்றவில்லை. நூற்றாண்டுப் பழமை உடையது என்று இடைத்தரகர் பொய் கூறும்போதே அது போலியாகிறது. அவ்வூர் கைவினைஞர் மூசையை அச்சோடு பிணைத்து உலையில் வைத்து, உரிய நேரத்தில் உருண்டையைத் திருப்புகின்றனர். ஆறியபின் உடைத்து எடுக்கும் பறவை தலையைப் பின்னோக்கித் திருப்பியிருக்கிறது. அதன் எடையைச் சரிபார்க்க இப்போது எவரும் காலை அராவுவதும் இல்லை. வயிற்றில் ஈயம் ஊற்றுவதும் இல்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பொற்கொல்லர் அல்லது மூத்த வணிகர் ஒருவரைச் சந்தித்து, முற்காலத்தில் வழங்கிய எடைகளின் பெயர்களையும் அவற்றின் அளவுகளையும் கேட்டறிந்து தொகுக்க.

2. உங்கள் வீட்டில் இப்போது பயன்பாட்டில் இல்லாத பழைய உலோகப் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் வடிவம், எடை, பயன்படுத்தியவர், பயன்படுத்திய சூழல், அதனோடு சேர்ந்திருந்த பிற பொருள்கள் ஆகியவற்றைக் குறித்து ஒரு பக்க அளவில் விளக்கக் குறிப்பு எழுதுக.